மழை நாளில் யாரும் எடுக்காத சாம்பிள்

மணலும் சரளைக் கல்லும் கழுவும் இடத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பாளராக வேலை செய்கிறேன் என்றால், சொந்தக்காரர்கள் உடனே கேட்பது இதுதான்: "அப்போ ஆத்துல போற செம்மண் தண்ணி உங்க இடத்துலேர்ந்துதானா?" நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா. 2007இல் வந்த பெயர் அது; பெரியவர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஈயம் எடுத்து விட்டுப்போன குட்டைகள், செம்பனைத் தோட்டங்கள், நடுவே சிலாங்கூர் ஆறு. கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமுமான கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. இன்னும் கீழே கம்போங் குவாந்தானில், ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் வாழ்கின்றன. நாங்கள் கழுவிவிடும் தண்ணீர் அங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்பதை நான் ஒருநாளும் மறப்பதில்லை.

சரி, கழுவினால் என்ன வெளியே வருகிறது? சேறு. 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டே நிமிடத்தில் கடந்து அடியில் படியும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டலுக்கு அதே ஆழத்துக்கு மூன்று மணி நேரம் வேண்டும். களிமண் துகளுக்கு நாள் கணக்காகும். அதனால்தான் தண்ணீரைக் குளம் குளமாக நிறுத்தி, தேவைப்பட்டால் படிகாரம் போட்டு, கடைசிக் குளத்திலிருந்து லோங்காங்குக்கு, அதாவது ஆற்றில் போய்ச் சேரும் வடிகாலுக்கு, விடுகிறோம். படிகாரம் அளவு மீறினால் தண்ணீரில் அமிலத்தன்மை ஏறிவிடும். அதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் அனுமதிக் கடிதத்தின்படி, தண்ணீரில் கலந்து மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாட்டின் ஆற்றுநீர்த் தர அளவுகோலில் இரண்டாம் வகுப்புக்கும் அதே எண்தான். சாம்பிளை வடிதாளில் வடித்து, 105 டிகிரிச் சூட்டில் காயவைத்து எடை போடுவார்கள். இதில் ஏமாற்ற ஒன்றுமில்லை. எந்த நேரத்தில் சாம்பிள் எடுக்கிறார்கள் என்பதுதான் சங்கதி. பெரும்பாலும் காலையில், வெயிலில், குளம் அசையாமல் கிடக்கும்போது எடுப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மழை கொட்டும்போது எடுக்க யார் வருகிறார்கள்?

முன்பு வேலை செய்த இடத்தில் இதற்காகத்தான் தகராறு. எக்ஸ்கவேட்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் குளத்துக்குள் கம்பை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி எங்கம்மா இருக்கு, முழுக்கச் சேறு" என்றார். மேலே இரண்டடித் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, ரிப்போர்ட்டும் நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால் பாதிக் குளம் சேறானால், தண்ணீர் தங்கும் நேரமும் பாதியாகிவிடும். பெரிய மழையில் அடிச்சேறே கிளம்பி வெளியே போகும். இதை மேனேஜரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் பாஸ் ஆயிருச்சு இல்ல, அப்புறம் என்னம்மா?" என்றார். சேற்றை அள்ள எக்ஸ்கவேட்டரை நிறுத்தினால், அன்று லாரிக்கு மணல் ஏறாது. அவருடைய கணக்கு அது. அந்த வாரமே பெய்த மழையில் லோங்காங் முழுக்க பாலில் கலந்த மைலோ நிறத்தில் ஓடியது.

இப்போது இருக்கும் இடத்தில் குளத்துக்குள் அளவுக் கம்பம் நட்டிருக்கிறோம். சேறு மூன்றில் ஒரு பங்கு ஏறினால் அள்ளியே ஆக வேண்டும். ஆர்டர் எவ்வளவு இருந்தாலும் சரி. தெளிந்த தண்ணீரை மறுபடி கழுவவே பம்ப் செய்கிறோம், அதனால் வெளியே விடுவதும் குறைந்திருக்கிறது. மழை பெய்யும்போது நானே குடையோடு போய், தண்ணீர் வெளியேறும் இடத்தில் பாட்டிலில் பிடித்து வைக்கிறேன். அந்த எண் எப்போதும் அழகாக இருக்காது. அதையும் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிறேன். 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி, அதிகபட்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு முதலாளிகள் இந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆற்றோரம் இருப்பவர்களுக்கு ஒன்று: கலங்கல் தண்ணீரைப் பார்த்தால், மழை விட்ட பிறகு படம் எடுக்காதீர்கள். கொட்டும்போதே எடுங்கள், லோங்காங் ஆற்றில் சேரும் இடமும் நேரமும் தெரியும்படி. முடிந்தால் அதற்கு மேலே, கலங்காத பக்கத்திலும் ஒன்று எடுங்கள். இரண்டையும் சேர்த்து சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அனுப்புங்கள். ஒரு படம் மட்டும் போனால், "மழைக்கு எல்லா ஆறும் கலங்கும்" என்று எங்களைப் போன்ற இடங்கள் எளிதாகச் சொல்லிவிட முடியும்.