கரண்டிச் சத்தமும் மீனுவும்

எங்கள் பூனை மீனுவுக்கு முதல் வலிப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்களை வாசலில் படுத்திருந்தவள் சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்தாள். நான்கு கால்களும் தண்ணீரில் நீந்துவது போல அடித்துக்கொண்டன. வாயோரம் நுரை. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. தூக்கப் போன என் விரலில் பல் இறங்கியது. அவள் கடிக்கவில்லை, தாடை தானாக மூடிக்கொண்டது.

அத்தை ஓடிவந்து பீரோ சாவிக்கொத்தை அவள் பாதத்தில் வைத்து அழுத்தினார். மனுஷங்களுக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்களே, அந்த நினைப்பு. அவர் கையும் நடுங்கியது. எல்லாம் ஒன்றரை நிமிடம்தான் இருக்கும். பிறகு மீனு எழுந்து நடந்தாள், சுவரில் முட்டி முட்டி. கண் தெரியவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அரைமணி கழித்துப் பார்வை திரும்பியதும் தட்டு நிறையச் சாப்பிட்டாள், நாலு நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி.

அவளுக்கு அப்போது 14 வயது. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது மழைக்கு எங்கள் மாடிப்படியில் ஒதுங்கிய குட்டி. மகள் இப்போது கல்லூரியில். அதனால் "வயசாயிடுச்சு, விட்டுடுங்க" என்று முதலில் பார்த்த மருத்துவர் சத்து மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. வயதானால் வலி பரவாயில்லை என்று யார் சொன்னது?

12 நாளில் இரண்டாவது, அந்த வாரமே மூன்றாவது. மூன்றாவதை மகள் போனில் படம் பிடித்தாள். "இந்த நேரத்தில் வீடியோவா" என்று கத்திவிட்டேன். அவள் செய்ததுதான் சரி. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம், அங்கே மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். மயக்கமா, இதயக் கோளாறா, வலிப்பா என்று நாம் வாயால் சொல்வதை வைத்துப் பிரிப்பது கஷ்டமாம். வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேள்விகளை அடுக்கினார். விழுந்து அடிபட்டதா? பச்சை மீன் அதிகம் கொடுப்பீர்களா? நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை இவளுக்குப் போட்டீர்களா? அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு விஷம், அதுவே வலிப்பை வரவழைக்குமாம். நாங்கள் போடவில்லை. ஆனால் இது தெரியாமல் போடுகிறவர்கள் இருப்பார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரகம், ஈரல் பார்த்தார்கள். முன்னங்காலில் குட்டிப் பட்டை கட்டி ரத்த அழுத்தமும் எடுத்தார்கள். எதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றதும் நாங்கள் வேண்டாம் என்றோம். பீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். 30 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டு, காலை ஒன்று, இரவு ஒன்று. 4 கிலோ உடம்புக்கு அவர் கணக்கிட்ட அளவு அது. இரண்டு வாரம் கழித்து மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், நாமாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு பலமடங்காகத் திரும்பும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தான் போடும் டயஸிபாம் என்ற தூக்க மாத்திரையைக் கொடுக்கச் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. வாய்வழியாகக் கொடுக்கும் டயஸிபாம் சில பூனைகளின் ஈரலை அழித்துவிடுமாம்.

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் மீனு குடிகாரன் மாதிரி தள்ளாடினாள், தூங்கினாள், தின்றாள். தள்ளாட்டம் போனது. வலிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அப்புறம்தான் நோட்டு வந்தது. மகளின் பழைய கணக்கு நோட்டில் தேதி, மணி, எத்தனை நிமிடம், அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்று நான்கு கட்டம் போட்டேன். ஆறு தடவை எழுதியதும் ஒரு ராத்திரி உட்கார்ந்து கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். பாத்திரம் அடுக்கினேன். அலுமினியத் தாளில் சப்பாத்தி சுற்றினேன். கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் போட்டு ஹார்லிக்ஸ் கலக்கினேன். பாத்திரம் அடுக்கினேன். சிப்ஸ் பாக்கெட். அவர் வண்டிச் சாவியை மேஜையில் போட்டார்.

உடம்பு சில்லிட்டது. அத்தை அன்று கொண்டுவந்த சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. பாவம், நல்லதுக்குத்தான் செய்தார்.

நோட்டைக் காட்டியபோது மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தத்தால் தூண்டப்படும் வலிப்பு, வயதான பூனைகளுக்கு வருவது. 96 பூனைகளைப் பற்றி ஆராய்ந்து 2015ல் பிரிட்டன் மருத்துவர்கள் எழுதிய கட்டுரை இருக்கிறதாம். அதில் பெரும்பாலானவற்றுக்கு 10 வயதுக்கு மேல்தான் தொடங்கியிருக்கிறது. பல பூனைகளுக்குக் காது மந்தம் வேறு. இதுதான் எங்களைக் குழப்பியது. கூப்பிட்டால் திரும்பாதவளுக்கு ஸ்பூன் சத்தம் எப்படிக் கேட்கும் என்று நினைத்திருந்தோம். பிரச்சினை மெல்லிய, கீச்சென்ற ஒலியில்தான். இந்த வகைக்கு லெவெடிராசிட்டம் என்ற இன்னொரு வலிப்பு மருந்து நன்றாகக் கேட்கும் என்று அதைத் தொடங்கி, பழைய மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். காலை 6, மதியம் 2, இரவு 10. சிரப்பின் கசப்புக்கு முதலில் எச்சில் ஒழுக ஓடினாள். கடைவாயோரம் சிரிஞ்சை நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடப் பழகினேன், உடனே வேகவைத்த கோழித் துண்டு ஒன்று.

வீடும் மாறியது. கரண்டிக் கூடையின் அடியில் பழைய பனியன் துணி. எவர்சில்வர் தட்டுகளுக்கு இடையில் காகிதம் வைத்தேன், அதுவும் சரசரத்தது, பிறகு துணிதான். அத்தை பூஜையில் மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். யாரும் சொல்லவில்லை. ஒருநாள் கற்பூரம் காட்டும்போது அவர் இடது கை வழக்கம்போல மணியை எடுத்தது, மீனு படுத்திருக்கும் இடத்தைப் பார்த்தார், மணியின் நாக்கை விரலால் பிடித்தபடியே கீழே வைத்தார்.

இப்போதும் வலிப்பு வந்தால் செய்வது இவ்வளவுதான். விளக்கை அணைப்போம், மேஜைக் காலிலிருந்து நகர்த்துவோம், வாயருகே கை கொண்டுபோக மாட்டோம், போனில் நிமிடம் பார்ப்போம். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ யோசிக்காமல் ஆட்டோ. முடிந்ததும் கண் தெரியும்வரை படிப்பக்கம் போகாமல் மறித்து உட்காருவோம். கடைசியாக வந்தது நாலு மாதம் முன்பு, தீபாவளிக்கு அல்ல. அன்று பீரோ அறையில் மெத்தை போட்டு மூடி மகள் அவளோடு படுத்துக்கொண்டாள். வந்தது மறுநாள், எதிர்வீட்டில் சுவரில் ஆணி அடித்தபோது.

மணி பத்தாகப் போகிறது. சிரிஞ்சை எடுத்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், கோழித் துண்டைக் காட்டினால் முகம் மட்டும் வெளியே வரும்.