பிளேனை நான்தான் தூக்கிப் பிடிச்சிட்டிருந்தேன்

எட்டு வருஷம் நான் பிளேன்ல ஏறல. சான்ஸ் வராம இல்ல, வந்ததையெல்லாம் தட்டிக் கழிச்சேன். காதுல இன்ஃபெக்‌ஷன்னு ஆபீஸ்ல எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. ஒரு மீட்டிங்குக்கு ரெண்டு மணி நேர ஃபிளைட்டை விட்டுட்டு முப்பத்தோரு மணி நேரம் ட்ரெயின்ல போயிருக்கேன், கேட்டவங்ககிட்ட எல்லாம் ஜன்னல் ஓரம் உக்காந்து வேடிக்கை பாத்துட்டுப் போறதே தனி சுகம்னு பீலா வேற. வீட்ல என் பொண்டாட்டிக்கு, அவளுக்கு மட்டும்தான் நிஜம் தெரியும்.

அதுக்கு முன்னாடி பறந்தப்போ எல்லாம் நான் எப்படி உக்காந்திருப்பேன்னா, முழு வெயிட்டையும் சீட்ல போட மாட்டேன். சிரிக்காதீங்க. கொஞ்சம் எம்பின மாதிரி, பாதத்தை தரையில லேசா தொட்டும் தொடாம, கைப்பிடியை இறுக்கிப் புடிச்சுட்டு, இன்ஜின் சத்தம் ஒரு சுருதி மாறினாலும் காதை தீட்டிக்கிட்டு, ஏர்ஹோஸ்டஸ் முகத்தையே பாத்துட்டு இருப்பேன். தூங்க மட்டும் மாட்டேன். நான் கண்ணை மூடினா பிளேன் விழுந்துடும்னு உள்ளுக்குள்ள ஒரு முடிவு. யாரும் குடுக்காத வாட்ச்மேன் வேலை, சம்பளமும் கிடையாது, எறங்கும்போது சட்டை முழுக்க வேர்வை.

எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் புள்ளிவிவரம் சொல்வாங்க. கார்ல போறதை விட பிளேன்ல போறது எவ்வளவோ சேஃப்னு. அது எனக்குத் தெரியாதா? மண்டைக்குத் தெரியும், வயித்துக்குத் தெரியாது, அதான் பிரச்சினையே. 2001 செப்டம்பர்ல பிளேனைக் கடத்தி மோதவிட்ட தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்காவுல நிறைய பேர் பிளேனை விட்டுட்டு கார் எடுத்தாங்க, அதனால அடுத்த ஒரு வருஷத்துல ரோட்ல கூடுதலா சுமார் 1500 பேர் செத்திருப்பாங்கன்னு கெர்ட் கிகரென்சர்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் கணக்கு போட்டிருக்கார். இதைப் படிச்சதும் எனக்கு பிளேன் பயம் போகல, கார்ல போகவும் சேர்த்து பயம் வந்துச்சு, அவ்வளவுதான் நடந்தது. அந்த நாள்ல எனக்கு ஒரே ஆறுதல் டென்னிஸ் பெர்க்கேம்ப். நெதர்லாந்து ஃபுட்பால்காரர், 1994 உலகக் கோப்பைக்கு அப்புறம் பிளேன்ல ஏறவே மாட்டேன்னுட்டார். அவ்ளோ பெரிய ப்ளேயருக்கே இப்படின்னா நமக்கென்னன்னு ஒரு சப்பைக்கட்டு.

போன வருஷம் தவிர்க்கவே முடியாத ஒரு பயணம் வந்துச்சு, நடுவுல கடல், ட்ரெயினும் கிடையாது காது இன்ஃபெக்‌ஷனும் செல்லாது. அப்பதான் ஒரு மனநல கவுன்சிலர்கிட்ட போனேன். போய் உக்காந்து வாட்ச்மேன் கதையெல்லாம் ஒப்பிச்சேன். அந்த மேடம் அமைதியா கேட்டுட்டு, "சரி, நீங்க முழிச்சிருக்கிறதுல பிளேனுக்கு என்ன லாபம்?"னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன். அப்புறம் பதில் சொல்லலாம்னு பாத்தா வாயே வரல.

அவங்க குடுத்த முதல் வேலை விசித்திரமா இருந்துச்சு. சேர்ல உக்காந்து ஒரு நிமிஷம் வேக வேகமா மூச்சு விடச் சொன்னாங்க. விட்டேன். தலை கிறுகிறுன்னுச்சு, விரல் நுனியெல்லாம் ஊசி குத்துற மாதிரி, நெஞ்சு படபடன்னு, அச்சு அசலா பிளேன்ல எனக்கு வர்ற அதே எழவு! இத்தனை வருஷமா ஹார்ட்டுக்கு என்னமோ ஆகுது இங்கயே போயிடப் போறேன்னு நினைச்சது வெறும் மூச்சு வேலை, வேகமா விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால வர்ற கிறுகிறுப்பு. மூச்சை இழுக்குறதை விட வெளிய விடுறதை நீளமா விட்டா கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அடங்கலன்னாலும் அந்த அலை பெரும்பாலும் ஒரு பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய்ட்டு அதுவாவே எறங்கும், நாம அதோட மல்லுக்கட்டாம இருந்தா போதும்னாங்க. (மல்லுக்கட்டாம இருக்குறதுதான் உலகத்துலயே கஷ்டமான வேலைன்னு அவங்க சொல்லல.)

மாத்திரை கேட்டேன், கேக்காம இருப்பேனா. அவங்க எழுதித் தர முடியாது, டாக்டரைப் பாக்கணும்னாங்க. ஆனா 1997-ல வந்த ஒரு ஆய்வைப் பத்திச் சொன்னாங்க, பறக்க பயப்படுறவங்கள்ல மாத்திரை போட்டுட்டுப் போனவங்களுக்கு அன்னைக்கு நிம்மதியா இருந்திருக்கு, ஒரு வாரம் கழிச்சு மாத்திரை இல்லாம பறந்தப்போ போடாதவங்களை விட அதிகமா பதறியிருக்காங்க. மாத்திரைதான் காப்பாத்துச்சுன்னு மூளை நம்பிடும் போல. எனக்கு கைப்பிடி காப்பாத்துன மாதிரிதான் அதுவும். உங்களுக்கு டாக்டர் குடுத்திருந்தா என் பேச்சைக் கேட்டு நிறுத்திடாதீங்க, நான் என் கதையைச் சொல்றேன்.

அடுத்தது சத்தம். டேக்ஆஃப் ரெக்கார்டிங்கை தினமும் ஹெட்ஃபோன்ல போட்டுக் கேட்டேன், முதல் வாரம் சோஃபாவுல உக்காந்தே வேர்த்துச்சு, மூணாவது வாரம் போரடிச்சுது. கூடவே எந்தச் சத்தம் எதுக்குன்னு தேடித் தேடிப் படிச்சேன். டேக்ஆஃப் ஆகி கொஞ்ச நேரத்துல திடீர்னு சத்தம் குறைஞ்சு, லிஃப்ட் கீழ எறங்குற மாதிரி வயிறு ஒரு தூக்கு தூக்கும் பாருங்க, நான் அதை ஒவ்வொரு தடவையும் இன்ஜின் நின்னு போச்சுன்னே நினைச்சிருக்கேன். சாதாரணமா 1000, 1500 அடி வாக்குல ஏறினதும் இன்ஜின் பவரை குறைப்பாங்களாம், பிளேன் அப்பவும் மேலதான் ஏறிட்டிருக்கும், வேகம் கூடுறது கொஞ்சம் தணிஞ்சதும் காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பு அதை விழுறதா தப்பா எடுத்துக்குது. ஏர்பஸ் 320-ல ஏறினா தரைக்கு அடியில நாய் குரைக்குற மாதிரி ஒரு சத்தம் வரும், அது ரெண்டு ஹைட்ராலிக் சிஸ்டத்துக்கு (திரவ அழுத்தத்துல வேலை செய்யுறது) நடுவுல பிரஷரை சமன் பண்ற ஒரு யூனிட். இது தெரியாம நான் ஒரு தடவை பக்கத்து சீட்டுக்காரர் கையைப் புடிச்சிருக்கேன், பாவம் மனுஷன்.

குலுங்குறதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டா, எனக்கு உதவினது ஒரு இறக்கை டெஸ்ட்தான். 2010-ல போயிங் 787-ஐ தரையில நிறுத்தி வெச்சு, பறக்கும்போது வரக்கூடிய உச்சபட்ச பாரத்துல ஒன்றரை மடங்கு குடுத்து இறக்கையை மேல வளைச்சாங்க. கிட்டத்தட்ட 25 அடி வளைஞ்சுது, உடையல. ஜன்னல் வழியா இறக்கை ஆடுறதைப் பாத்து நடுங்குனவன் நான், ஆடுறதுதான் அதோட வேலைன்னு அப்பதான் புரிஞ்சுது. குலுங்கும்போது அடிபடுறதே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அப்படி அடிபடுறவங்க பெரும்பாலும் பெல்ட் போடாதவங்க. அதனால பெல்ட்டைப் போட்டாச்சுன்னா என் பங்கு முடிஞ்சுது.

மேடம் கடைசியா சில தடை போட்டாங்க. வெதர் ஆப் பாக்கக் கூடாது, போற ஃபிளைட்டை முந்தின நாள் ட்ராக் பண்ணக் கூடாது, ஏர்ஹோஸ்டஸ் முகத்தைப் படிக்கக் கூடாது, கைப்பிடியைத் தொடக் கூடாது. அதெல்லாம் வாட்ச்மேனோட டார்ச் லைட்டாம், புடுங்கிட்டா அவன் தானா போயிடுவானாம்.

போனேன். எப்படி இருந்துச்சுன்னா, கேவலமா இருந்துச்சு. கேட்ல உக்காந்திருந்தப்பவே ரெண்டு தடவை வீட்டுக்குப் போயிடலாம்னேன். அவ ஒண்ணும் சொல்லல, பேசாம பேகை எடுத்துட்டு க்யூவுல நின்னுட்டா. இறக்கைக்கு மேல இருக்குற வரிசையில சீட் கேட்டு வாங்கியிருந்தோம், அங்க ஆட்டம் கொஞ்சம் கம்மி. ஓடுபாதையில வேகம் எடுத்ததும் கை தானா கைப்பிடிக்குப் போச்சு, எடுத்து மடியில வெச்சேன், திரும்பப் போச்சு, திரும்ப எடுத்தேன். அப்புறம் ரொம்ப வருஷத்துல முதல் தடவையா முதுகை நல்லா சாய்ச்சு முழு வெயிட்டையும் சீட்ல போட்டேன். அந்த ஒரு செகண்ட் இருக்கே, குழிக்குள்ள காலை விட்ட மாதிரி இருந்துச்சு. நெஞ்சு அடிச்சுது, அடிச்சுக்கோன்னு விட்டேன். பிளேன் போயிட்டே இருந்துச்சு.

நடுவுல நல்லா குலுங்குச்சு. அழுதேன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா கொஞ்சம் அழுதேன். "மூச்சை விடுங்க, நீளமா விடுங்க"ன்னு அவ சொல்லிட்டே இருந்தா, அப்புறம் எப்பன்னு தெரியல, சக்கரம் தரையில மோதுன சத்தத்துல முழிச்சேன். தூங்கியிருக்கேன்!

"எவ்ளோ நேரம் தூங்குனேன்?"னு கேட்டேன்.

"நாப்பது நிமிஷம் இருக்கும். குறட்டை வேற"ன்னா.

எனக்கு சந்தோஷம் வரணும்ல? முதல்ல வந்தது அய்யய்யோ நாப்பது நிமிஷம் யாரும் பாத்துக்கலையேங்கிற பதட்டம்தான். அடுத்த மாசம் மறுபடி ஒரு ஃபிளைட் இருக்கு, டிக்கெட் போட்டாச்சு, வயித்துல கலக்கல் இப்பவே ஆரம்பிச்சாச்சு. வெதர் ஆப்பை போன்லேர்ந்து அழிச்சுட்டேன். அவ போன்ல இருக்கு, பாஸ்வேர்ட் மாத்தி வெச்சிருக்கா.