சரியான லெட்டர் இல்லாமல் இரண்டு முறை திரும்பி வந்தோம்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்கியது. 3 வாரத்துக்கு ஒன்றாக 4 முறை சிவப்பு நிறக் கீமோ மருந்து, அப்புறம் வேறு மருந்து வாரம் ஒன்றாக 12 முறை. அந்தப் பாடு வீட்டில் நோயாளி உள்ள எல்லோருக்கும் தெரியும். குமட்டல், தூக்கமின்மை, பயம் இவற்றுக்கு ஏதாவது துணை கிடைக்குமா என்று அலைந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. இரண்டாவது கீமோ முடிந்ததும் பெரியம்மா ஒரு சூரணம் வாங்கி வந்தார். "மூலிகைதானே, ஒன்னும் பண்ணாது" என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தார்களாம். பொட்டலத்தில் பெயரும் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. அம்மா காலையும் மாலையும் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். அடுத்த கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில், ஏறக்குறைய 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு) 200-ஐத் தாண்டியிருந்தது. "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிட்டோம். கீமோ 10 நாள் தள்ளிப்போனது. அந்த 10 நாளும் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

சூரணத்தால்தான் ஏறியது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, கீமோவாலும் ஏறலாமாம். ஆனால் இரண்டையும் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும், எது என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்றார். ரசத்தில் போடும் மஞ்சள் பரவாயில்லை, மஞ்சளின் சத்தைப் பிரித்துச் செய்யும் குர்க்குமின் மாத்திரை வேண்டாம் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். எது கொடுப்பதாக இருந்தாலும் பாட்டிலையோ பொட்டலத்தையோ எடுத்துப் போய் அவரிடம் காட்டிவிடுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

அடுத்தது யோகா. யோகா சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிக்கு 2 மணி நேரம் பஸ்ஸில் போய் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றால், "கேன்சர் பேஷன்ட்டா? உங்க டாக்டர் லெட்டர் எங்கே?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கையில் இருந்த தடித்த ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் "யோகா செய்யலாம்" என்று ஒரே வரியில் லெட்டர் வாங்கிப் போனோம். இந்த முறை யோகா மருத்துவரே பார்த்தார். பிளேட்லெட் எவ்வளவு, எலும்புக்குப் பரவியிருக்கிறதா, எந்தப் பக்க அக்குளில் நெறிக்கட்டி எடுத்தார்கள் என்று கேட்டார். லெட்டரில் எதுவுமே இல்லை. அவர் கேட்டது முழுக்க நியாயம். எலும்பு பலவீனமாக இருந்தால் உடம்பை முறுக்கும் ஆசனம் ஆபத்து. முதல் நாளே கவுன்ட்டரில் இதைச் சொல்லியிருந்தால், கீமோ முடித்த உடம்போடு அம்மா இன்னொரு முறை பஸ் ஏறியிருக்க வேண்டாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் லெட்டரில் நோயின் நிலை, கீமோ மருந்தின் பெயர், அடுத்த தேதி, ஆபரேஷன் எந்தப் பக்கம், போர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) இருக்கிறதா, தவிர்க்க வேண்டிய அசைவு எல்லாம் எழுதி வாங்குங்கள். கடைசி ரத்த ரிப்போர்ட்டின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

மூன்றாவது முறை எல்லாம் சுலபமாக முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி 40 நிமிடம் மூச்சுப் பயிற்சி, அப்புறம் யோக நித்திரை (விழித்தபடியே உடம்பைத் தளர்த்தும் பயிற்சி). குமட்டலுக்கு ஒரு அழுத்தப் புள்ளியும் சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கிறது. ஆபரேஷன் இடது பக்கம் என்பதால் அம்மாவுக்கு வலது கையில் மட்டும். வாந்தி மாத்திரையை நிறுத்தவில்லை, இது அதோடு கூடத்தான்.

நடுவில் எண்ணெய் மசாஜ் செய்யும் ஒருவர் இடது கை வீக்கத்தை "அழுத்திப் பிடிச்சா போயிடும்" என்றார். நல்லவேளை, ஒப்புக்கொள்ளவில்லை. நெறிக்கட்டி எடுத்த பக்கக் கையில் நீர் தேங்கி வரும் இந்த நிணநீர் வீக்கத்தை அழுத்திப் பிடிக்கக் கூடாது. மென்மையாக வழித்துவிடும் முறையே வேறு. அதற்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம்.

வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டால் கீமோ நாள் இரவு அம்மா கண்ணே மூடமாட்டார். நான்காவது கீமோ அன்று, படுக்கையிலேயே மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு 11 மணிக்குத் தூங்கியவர் 4 மணிக்குத்தான் எழுந்தார். நான் இரண்டு முறை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

போன வாரம் கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவுக்கு அம்மா அந்தப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஆபரேஷன் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கையைத் தொட்டார்.