ஒரு வரி விட்டுப்போன செபம்

பரலோக மந்திரத்தில் ஒரு வரியை நான் ஏழு ஆண்டுகளாகச் சொல்லவில்லை. ஞாயிறு திருப்பலியில் 'எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்' வரைக்கும் என் குரல் இருக்கும். 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல' என்று கோயிலே சேர்ந்து சொல்லும்போது உதடு ஒட்டிக்கொள்ளும். 'சோதனையில் விழவிடாதேயும்' என்ற இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு மட்டும் இது தெரியும். கேட்டதில்லை.

காரணம் என் தம்பி. அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவனைக் கோயில் வாசலிலேயே நிறுத்தி, வீட்டுப் பங்கு விவகாரத்தை இழுத்து, 'இனி என் வீட்டுப் படி மிதிக்காதே' என்று சொன்னவன் நான். அவன் தோளில் ஒரு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நியாயம் யார் பக்கம் என்று இப்போது கேட்டாலும் என் பக்கம்தான் என்பேன். அந்த நியாயத்தை மார்பில் கட்டிக்கொண்டுதான் இரவு மூன்று மணிக்கு விழித்து விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு நேர்ச்சை இருக்கிறது என்று மனைவிதான் கிளப்பினாள். என்ன நேர்ச்சை என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் திருவிழா. அந்தக் கூட்டத்தில் என்னால் நிற்க முடியாது என்றேன். 'அப்படியானால் கூட்டம் இல்லாத நாளில் போவோம்' என்று ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றைக் குறித்துவிட்டாள்.

திண்டுக்கல்லில் விடிகாலை பஸ். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காது அடைத்தது. டம்டம் பாறை வளைவில் பாதி பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தது. பெருமாள்மலையில் மூடுபனி ஏறிக்கொண்டது. அதற்கு மட்டும் டிக்கெட் கேட்க ஆளில்லை.

இந்த மலையில் முதலில் குடியேறிய வெள்ளைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வரவில்லை. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் குடும்பங்கள் காய்ச்சலிலும் காலராவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. 1845இல் இங்கே ஏறி இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். உயிர் பிழைக்க வந்தவர்களால் உண்டான ஊர். பிறகுதான் ஏரி, படகு, சாக்லேட்டெல்லாம்.

சலேத் மாதா கோயிலை 1866இல் கட்டியவர் லூயி சேன் சீர் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு. பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில், சலேத் என்ற கிராமத்துக்கு மேலே மாதா காட்சி கொடுத்தது 1846 செப்டம்பர் 19ஆம் தேதி. இருபதே ஆண்டுகளில் அந்த மலையின் மாதா இந்த மலைக்கு வந்துவிட்டாள்.

மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்குத்தான் அந்தக் காட்சி. மெலனிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11. அவர்கள் பார்த்தது, முழங்காலில் முழங்கையை ஊன்றி, முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை. எனக்கு இந்த மாதாவைப் பிடித்துப்போனது இதனால்தான். வேளாங்கண்ணியில் குழந்தையை ஏந்தி நிற்கிற தாயிடம் கேட்கத்தான் தோன்றும். அழுகிற தாயிடம் என்ன கேட்பது? பக்கத்தில் உட்காரத்தான் முடியும்.

அவள் பேசியதும் பெரிய வேதாந்தம் இல்லை. உருளைக்கிழங்கு அழுகுவதைப் பற்றிச் சொன்னாள். பிரெஞ்சுச் சொல் புரியாமல் மெலனி விழித்தபோது, அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சுக்கே மாறிவிட்டாள். அவர்கள் சரியாகச் செபிக்கிறார்களா என்றும் கேட்டாள். அதிகம் முடியாத நாளில் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமுமாவது சொல்லுங்கள் என்றாள். இதைப் படித்த நாளில் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குறைந்தபட்சத்தில்தான் நான் ஓட்டை போட்டு வைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. கெட்டுப்போன கோதுமையைப் பார்த்ததே இல்லை என்று சாதித்தான் மாக்சிமின். 'உன் அப்பாவோடு பார்த்தாய். திரும்பி வரும் வழியில் அவர் உனக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தார். இந்த ஆண்டாவது சாப்பிடு, அடுத்த ஆண்டு யாருக்குக் கிடைக்குமோ என்றார்' என்று நினைவூட்டினாள் அவள். அவனுடைய அப்பா வண்டிச் சக்கரம் செய்கிறவர், கோயில் பக்கம் போகாதவர். மகன் வந்து இதைச் சொன்னதைக் கேட்டு இளகிப்போனவர்.

என் அப்பா பூட்டுப் பட்டறையில் அரம் போட்டவர். சனிக்கிழமை கூலி வாங்கிவிட்டு ஒரே ஒரு தேங்காய்ப் பன் வாங்கி வருவார். பட்டறைக் கையாலேயே பிட்டு எனக்கும் தம்பிக்கும் கொடுப்பார். அந்தப் பன்னில் இரும்பு வாசம் வரும். தம்பி துப்பிவிடுவான், அவன் பங்கையும் நான் தின்பேன்.

அதற்காக, சலேத் மாதாவைக் கண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதினால் அது பொய். பார்த்த பிள்ளைகளின் வாழ்க்கையே நேராகவில்லை. மாக்சிமின் குருமடம், மருத்துவப் படிப்பு, போப்பாண்டவரின் படை, மது வியாபாரம் என்று எதிலும் காலூன்றாமல் 1875இல் நாற்பது வயதுகூட ஆகாமல் செத்துப்போனான். மெலனி மடம் மடமாக அலைந்து 1904இல் இத்தாலியில் கண்மூடினாள். ஆனால் தாங்கள் கண்டதை இருவரும் கடைசிவரை மறுக்கவில்லை. உடைந்தவர்கள் உடைசலோடுதான் நம்பினார்கள்.

கோயிலுக்குள் ஏழெட்டுப் பேர்தான். வாசலில் விட்ட செருப்புகளில் தூறல் தேங்கிக்கொண்டிருந்தது. மனைவி மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். நான் கையிலிருந்த சலேத் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மார்பில் தொங்கும் சிலுவையில் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. பட்டறைக்காரன் பிள்ளையின் கண் முதலில் குறட்டில்தான் விழும். அடித்த ஆணியைக் குறட்டால் இழுத்தால் மரம் கிறீச்சென்று கத்தும் என்பது எனக்குத் தெரியும்.

பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று ஒரு வயதான சாமியாரிடம் கேட்டேன். கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். முழங்காலிட்டதும் தம்பி செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'இது தம்பியின் பாவம். அவர் வரும்போது சொல்லட்டும். உங்களுடையதைச் சொல்லுங்கள்' என்றார்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கோயில் வாசல், தோளில் தூங்கிய குழந்தை, நான் சொன்ன வார்த்தை என மூன்றையும் சொன்னேன். குரல் என்னுடையதாக இல்லை. அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பாவமன்னிப்பு அளித்துவிட்டு, 'அபராதமாக ஒரே ஒரு பரலோக மந்திரம். மெதுவாகச் சொல்லுங்கள்' என்றார்.

பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். 'அனுதின உணவு' வரை வந்து நின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். மூன்றாவது தடவை அந்த வரி வெளியே வந்தது. செபமாக வரவில்லை, விக்கலாக வந்தது. மனைவி பின்னால் வந்து நின்றதை அவளுடைய ஈரக் குடையின் சொட்டுச் சத்தத்தில் அறிந்தேன். நெஞ்சில் பாரம் இறங்கியதா என்று கேட்டால், இல்லை. ஆணி இருந்த இடம் வலித்தது. அன்றிரவும் தூங்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பு, இறங்கும் வழியில் வத்தலக்குண்டில் பஸ் நின்றபோது தம்பியின் எண்ணை அழுத்தினேன். எண் மாறியிருக்கும் என்ற நப்பாசை கொஞ்சம் இருந்தது. ஐந்தாவது மணியில் ஒரு சிறுபிள்ளை எடுத்தது.

'யார் பேசுகிறீர்கள்?'

எனக்கு நாக்கு புரளவில்லை. 'பெரியப்பா' என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு போனை வாயிலிருந்து விலக்காமலே உள்ளே பார்த்துக் கத்தியது: 'அப்பா, யாரோ பெரியப்பாவாம்!'