குதிரைக்கு நன்கொடைப் பட்டியல் தெரியாது

நியூசிலாந்தின் தென்தீவில், கடலிலிருந்து உள்ளடங்கிக் கிடக்கும் மேட்டுநிலம் மத்திய ஒட்டாகோ. மார்ச் மாதத்தில் அங்கே பகல் வெயில் முதுகைச் சுடும். விடிவதற்குள் கூடாரத்துணியில் உறைபனி படிந்திருக்கும். நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவானதும் இந்தப் பகுதியில்தான்: 1903 ஜூலையில், ரான்ஃபர்லியில், மைனஸ் 25.6 டிகிரி. மரங்கள் அரிது. கண்ணுக்கெட்டும் வரை வெளிர்மஞ்சள் புற்கொத்துகள், நடுநடுவே அடுக்குப் பாறைகள், மெரினோ ஆடுகள்.

இந்த மலைகளில் குதிரையேறிப் பல நாள் பயணம் போவது அங்கே பழைய வழக்கம். 1861இல் கேப்ரியேல் ரீட் தங்கம் கண்டுபிடித்ததும் டனீடன் துறைமுகத்தில் வந்திறங்கிய கூட்டம் இந்த மேட்டுநிலத்தை நோக்கித்தான் நடந்தது. அந்தப் பயணங்களின் நினைவாக 1991இல் தொடங்கிய பெரிய குதிரை ஊர்வலத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார்கள். நான் வேலை செய்வது அதில் அல்ல. அதைவிடச் சிறிய, மீட்பு ஹெலிகாப்டர் சேவைக்கு நிதி திரட்டும் ஒரு பயணத்தில். குதிரையேறத் தெரியாத நான் அதன் உதவிக்குழுவில் ஒருத்தி.

டனீடனில் செவிலியராக இருக்கிறேன். பண்ணை வண்டி கவிழ்ந்து விலா நொறுங்கியவர்களையும், மலைச்சரிவில் விழுந்தவர்களையும் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து எங்கள் கையில் ஒப்படைப்பார்கள். சாலை வழியாக வந்திருந்தால் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சேவைக்கு அரசு பணம் தருகிறது. ஆனால் அது முழுச் செலவுக்கும் போதாது. மீதியை ஊர்மக்கள்தான் கேக் விற்றும், ஏலம் விட்டும், குதிரையேறியும் சேர்க்கிறார்கள். மனிதர்களுக்கு முதலுதவி செய்ய ஒரு செவிலியர் தேவை என்றார்கள். அதற்காகத்தான் முதலில் போனேன்.

உதவிக்குழுவில் இருப்பவர்கள் பயணத்தைப் பார்ப்பதில்லை. நேஸ்பி என்ற சிற்றூரிலிருந்து குதிரைகள் மலைப்பாதையில் ஏறினால், நாங்கள் முகாமைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு டான்சீஸ் கணவாய்ச் சாலையில் போவோம். தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, மறுபக்கம் டன்ட்ரூனை நோக்கி இறங்கும் சரளைக்கல் சாலை அது. குளிர்காலத்தில் பனி மூடினால் அடைத்துவிடுவார்கள். கோடையிலும் எதிரே ஒரு லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். கைப்பேசி பெரும்பாலும் வேலை செய்யாது. இருவழி வானொலிக் கருவிதான் துணை. குதிரைகள் வருவதற்குள் மின்வேலி நாடா இழுத்து அடைப்புகள் கட்ட வேண்டும், தொட்டிகளில் நீர் நிரப்ப வேண்டும், உலர்புல் பிரித்து வைக்க வேண்டும், கழிப்பறைக் குழி தோண்ட வேண்டும். சமையல் இதெல்லாம் முடிந்த பிறகு.

குழுத் தலைவி ஓர் ஓய்வுபெற்ற பண்ணைக்காரர். அவருக்கு ஒரே சட்டம்: கடைசிக் குதிரை தண்ணீர் குடித்து முடிக்கும்வரை முகாமில் யாருக்கும் தேநீர் கிடையாது. பெரிய நன்கொடையாளர் ஒருவர் ஒருநாள் காரில் வந்திறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். அவரிடமும் தலைவி அதையே சொன்னார். அவர் எழுந்து வாளி தூக்கினார்.

வாளி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தென்தீவின் ஆறுகளில் டிடிமோ என்ற பாசி பரவியிருக்கிறது. 2004இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள்.  கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும், அடுத்த ஆற்றின் கற்களையெல்லாம் பழுப்புக் கம்பளியாக மூடிவிடும். அதனால் ஓர் ஆற்றில் நனைத்த வாளி, கடற்பஞ்சு, குதிரைக் காலுறை எதையும் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஆற்றில் முக்கக் கூடாது. மாலையில் முகாமின் ஓரத்தில் வாளிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தோன்றலாம். மலை முழுதும் நமக்குக் கதவு திறந்துவிடும் பண்ணைக்காரர்களுக்கு இது மானப் பிரச்சினை. திறந்திருந்த கதவைத் திறந்தே விடு, மூடியிருந்ததை மூடிவிட்டுப் போ, ஆற்றை ஆறாகவே விட்டுப் போ: அடுத்த ஆண்டும் வழி கிடைப்பது இதில்தான் இருக்கிறது.

முதல் ஆண்டே என்னைக் குதிரை மருத்துவருக்குத் துணையாக நிறுத்திவிட்டார்கள். நாடி பிடித்துப் பழகிய கை என்பதுதான் தகுதி. குதிரையின் இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை அழுத்தி வைக்க வேண்டும். லப்-டப் இரண்டும் சேர்ந்து ஒன்று. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு முப்பதிலிருந்து நாற்பதுதான். அரைடன் எடையுள்ள உயிரின் இதயம் இவ்வளவு நிதானமாகத் துடிப்பதை முதன்முதலாகக் கேட்டபோது, அடுத்த துடிப்பு வராமலே போய்விடுமோ என்று காத்துக்கொண்டிருந்தேன். மலையேறி வந்ததும் அது எகிறும். இறங்கிச் சிறிது நேரத்தில் 64க்குக் கீழே வந்துவிட வேண்டும். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் வைத்திருக்கும் அதே அளவைத்தான் எங்கள் மருத்துவரும் வைத்திருக்கிறார்.

அதோடு முடியவில்லை. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துவோம். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவோம். விலாவுக்குப் பின்னே காதை வைத்துக் குடல் இரைகிறதா என்று கேட்போம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் கோளாறு வந்தால் அதற்கு வெளியேற வழியில்லை. அதனால் குடலின் ஓசை அடங்குவது மருத்துவருக்குப் பிடிக்காத அமைதி. பிறகு உரிமையாளர் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் ஓட, பின்னால் நின்று பார்ப்போம். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். தெரிந்த கண்ணுக்கு அது அவ்வளவு தெளிவு.

வியர்வையைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் என்னை மிகவும் பாதித்தது. மனித வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. நீர் போகப்போக இரத்தம் செறிவடைகிறது, நமக்குத் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையில் உப்பு நிறைய. நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால், உடல் வற்றிக்கொண்டிருக்கும்போதுகூடத் தாகம் சரியாக எழாமல் போகலாம். தொட்டி முன்னால் நிற்கும் குதிரை குடிக்காமல் முகத்தைத் திருப்பினால் அதற்குத் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தீவனத்தில் உப்புக் கலக்குவதும், சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கின் சக்கையை நன்றாக ஊறவைத்துக் கஞ்சிபோலக் கொடுப்பதும் இதற்காகத்தான். ஊறாத சக்கை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அந்த வாளிக்குப் பொறுப்பு ஒரே ஆள். சூடாக வந்த குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் லாடக்காரர் நெடுநாள் வாதாடினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெயிலுக்காகச் செய்த ஆய்வுகள் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டன. இப்போது அவரும் ஊற்றுகிறார், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கணவாயைத் தாண்டிய அன்று காற்று வடமேற்கிலிருந்து அடித்தது. அந்தக் காற்று வந்தால் அங்கே எல்லாம் வறண்டுபோகும். ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை கடைசியாக முகாமுக்கு வந்தது. ஏறிவந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவளுடைய அப்பாவைச் சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஹெலிகாப்டர்தான் மலையிலிருந்து தூக்கிவந்தது. நாடி 72. நீர் ஊற்றினோம், நிழலில் நிறுத்தினோம், சேணத்தைக் கழற்றினோம். மறுபடி எண்ணினேன்: 68. ஈறு பிசுபிசுத்தது. வலப்பக்கக் குடலில் ஓசை மிகக் குறைவு. மருத்துவர் வந்து தானும் எண்ணிவிட்டு, "நாளைக்கு இவள் போக வேண்டாம்" என்றார்.

அந்தப் பெண் அழவில்லை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். நன்கொடைப் படிவம். ஊர்க்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, சித்தப்பா, பால்வண்டிக்காரர் என்று பெயர்கள்; ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. "நான் நின்றுவிட்டால் இதெல்லாம் குறைந்துபோகும். அப்பாவுக்காகத் திரட்டிய பணம்" என்றாள்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்தக் கட்டத்தின் மேல். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதுகிறவர்கள் நல்லவர்கள். ஆனால் அந்த வரி என்ன செய்கிறது என்று பாருங்கள்: ஒரு மகளின் நன்றிக்கடனைக் கொண்டுபோய் ஒரு குதிரையின் கால்களில் கட்டிவிடுகிறது. தன்னால் முடியவில்லை என்று மனிதன் சொல்லலாம். ஓடுகிறவன் நிற்கலாம், நடக்கிறவன் உட்காரலாம். குதிரை இந்தத் தொண்டுக்குச் சம்மதித்து வந்ததல்ல. அதற்கு அப்பாவையும் தெரியாது, பட்டியலையும் தெரியாது. ஏறியிருப்பவர் கேட்டால் அது போகும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொடுத்துவிடும் ஓர் உயிரிடம் இன்னும் கேட்பதற்கு ஏறியிருப்பவருக்குக் காரணம் தருகிற எந்த ஏற்பாடும் தவறு; அது எவ்வளவு நல்ல காரியத்துக்காக இருந்தாலும்.

அன்றிரவு மருத்துவரும் நானும் அந்தப் பெண்ணும் மாறிமாறி அந்தக் குதிரையுடன் இருந்தோம். உப்புநீரை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய்விட்டுக் கொடுத்தார். நள்ளிரவுக்குப் பிறகு லத்தி போட்டது; டார்ச் வெளிச்சத்தில் மூவரும் அதைப் பார்த்து மகிழ்ந்தோம். வயிறு இயங்கத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். விடியும்போது நாடி நாற்பதுக்கு வந்துவிட்டது. குதிரை டிரெய்லரில் மெதுவாக வீட்டுக்குப் போனது. அந்தப் பெண் போகவில்லை. மீதிப் பயணம் முழுவதும் எங்களோடு லாரியில் வந்தாள். சக்கை ஊறவைக்கும் வாளிக்குத் தலைவி அவளைத்தான் பொறுப்பாக்கினார்.

பயணம் முடிந்ததும் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மருத்துவமனையில் பத்து வரியில் நோயாளியின் நிலையை எழுதிப் பழகியதால் அதிகம் நீட்டவில்லை: நாடி, ஈறு, குடலோசை, படிவத்தில் இருந்த தொகைகள், அவள் சொன்ன வார்த்தைகள். மருத்துவரும் தலைவியும் கையெழுத்திட்டார்கள். கூட்டத்தில் எதிர்ப்பு இருந்தது. கிலோமீட்டர்க் கணக்கு இருந்தால்தான் சிறுவர்கள் உற்சாகமாகப் பணம் கேட்டு வீடுவீடாகப் போவார்கள் என்றார் ஒருவர். வசூல் குறைந்தால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். நியாயமான கேள்விகள்தான். ஹெலிகாப்டருக்குப் போகும் ஒவ்வொரு டாலரின் மதிப்பும் என் பணியிடத்தில் எனக்குக் கண்கூடாகத் தெரியும். அதனால்தான் அந்த டாலர் அந்த வழியில் வரக் கூடாது என்று சொன்னேன்.

அடுத்த ஆண்டு புதிய படிவம் வந்தது. பெயர், ஒரே தொகை, கையெழுத்து. கிலோமீட்டர்க் கட்டம் எடுக்கப்பட்டிருந்தது. அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: மருத்துவர் குதிரையை நிறுத்தினாலும் நன்கொடை முழுமையாகச் சேரும். புறப்படுவதற்கு முந்தைய மாலை எல்லோரையும் கூட்டி மருத்துவர் அந்த வரியை உரக்கப் படிக்கிறார். அதற்குப் பிறகு தாங்களாகவே குதிரையை எங்களிடம் கொண்டுவந்து, "இன்று ஏதோ சரியில்லை, பாருங்கள்" என்று சொல்கிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். அப்படி வருகிற குதிரைகளில் பாதிக்கு மேல் ஒரு நாள் ஓய்வில் தேறி மறுநாள் மலையேறிவிடுகின்றன.