தறிச் சத்தத்தில் போன காதுக்கு மிஷின் வாங்கினேன்

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கு நடுவில் நின்றவன் நான். தறி ஓடும்போது வாயசைவைப் பார்த்தும் கை ஜாடையிலும்தான் பேசிக்கொள்வோம். அதனால் காது மங்குவது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. நூல் கடைக்காரர் ஃபோனில் சொல்வது அறுபதாம் நம்பரா எண்பதாம் நம்பரா என்று பிடிபடாமல், "வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் ஈரோட்டில் காது டாக்டரிடம் போனேன்.

அவர் அழுக்கை எடுத்துவிட்டு, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுக்க அனுப்பினார். சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். லேசாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன அதிர்வுப் பெட்டியை வைத்தும் பார்த்தார்கள். எலும்பு வழியாகவும் அதே அளவுதான் கேட்கிறது என்றால் குறை உள்காதில், நரம்புப் பக்கம், மாத்திரையில் சரியாகாது.

காகிதத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. என் கோடு கீழ்ச் சத்தத்தில், 1000 ஹெர்ட்ஸ் வரை, சுமாராக வந்து, கீச்சென்ற மேல் சத்தமான 4000-இல் குழியில் விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடம்தான் முதலில் போகுமாம். ச, த, க மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய சத்தம் அந்த மேல் பக்கம்தான் அதிகம். அதனால்தான் சத்தம் கேட்கும், சொல் புரியாது.

அரசு இலவச மிஷின் கிடைக்குமா என்றும் விசாரித்தேன். மாற்றுத்திறனாளி சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறை இருக்க வேண்டும். எனக்குச் சராசரி ஐம்பதுதான். சரி, சொந்தக் காசுதான்.

முதலில் போனது ஒரே ஒரு கம்பெனி மிஷின் மட்டும் விற்கும் பெரிய ஷோரூம். ஆடியோகிராமை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ப்ளூடூத், சேனல் (சத்தத்தைக் கீழிலிருந்து மேல் வரை எத்தனை பாகமாகப் பிரித்துத் தனித்தனியாக ஏற்றுகிறது என்ற கணக்கு) என்று அடுக்கி, ஜோடி ஒன்றேகால் லட்சம், இன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்றார்கள். எனக்கு அந்த "இன்றைக்கு மட்டும்" பிடிக்கவில்லை. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வருவதும் சரிப்படாது. அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிடும். எனக்கு வேண்டியது மேல் பக்கம் மட்டும்.

அப்புறம்தான் ஒரு பெண் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துபவர்) தனியாக நடத்தும் சின்னக் கடை கிடைத்தது. சுவரில் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மூன்று கம்பெனிகளின் அடிப்படை மாடல்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் என் ஆடியோகிராமுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் அமைத்து மாட்டிவிட்டு, "டீக்கடை வரைக்கும் போய்ட்டு வாங்க ஐயா" என்றார் அந்தப் பெண். நாலு சேனலில் டீக்கடை இரைச்சல் மொத்தமாக வந்து அப்பியது. எட்டு சேனலில் பக்கத்தில் நின்றவர் பேச்சு தனியாகக் கேட்டது. பதினாறு சேனலுக்கு என் காதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

"ஒரு காதுக்கு மட்டும் போதுமா அம்மணி?" என்று கேட்டேன். ஒன்றை மட்டும் போட்டு ரோட்டோரம் நிற்கச் சொன்னார். ஹாரன் கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இரண்டாகவே வாங்கினேன், ஒன்று பதினெட்டாயிரம். கீழ்ச் சத்தம் ஓரளவு கேட்பதால் காதை முழுக்க அடைக்கும் மோல்டு வேண்டாம், மெல்லிய ட்யூபும் ஓட்டை வைத்த ரப்பர் முனையும் போதும் என்றார். அடைத்தால் நம் குரலே பானைக்குள் பேசுவது போல இருக்குமாம்.

பில்லில் மூன்றைப் பார்த்தேன். காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, போடவில்லை. மிஷினில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் இருப்பதும் ஒன்றா என்று சரிபார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு ட்யூனிங் இலவசம் என்பதை எழுதி வாங்கினேன். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிக்குத்தான் பாதிக் காசு.

முதல் வாரம் வேதனைதான். பேப்பர் புரட்டினால் மடமட என்று கேட்டது, தட்டு வைத்தால் காதில் குத்தியது. வேண்டுமென்றே குறைவாக வைத்து, போகப் போக ஏற்றினார். பேத்தி கூப்பிடும் "அப்புச்சி"யில் கடைசி ச்சி தெளிவாக விழுந்தது மூன்றாவது வாரத்தில்.

பேட்டரி 13-ஆம் நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர். ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும், ஒரு நிமிஷம் விட்டுப் போட வேண்டும். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கிறேன். வியர்வைதான் மிஷினுக்கு எமன். தறி ஓடும் இடத்துக்குப் போனால் கழற்றிவிட்டுக் காதடைப்பான் மாட்டிக்கொள்கிறேன். மிச்சம் இருப்பதும் போய்விடக் கூடாது.

சமீபத்தில் மறுபடி ஆடியோகிராம் எடுத்ததில் இடது காது இன்னும் ஐந்து டெசிபல் இறங்கியிருந்தது. கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுத்தார். ட்யூபுக்கு மட்டும் காசு வாங்கினார்.