பி.ஏ. சரி, எந்த பி.ஏ.?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் பி.காம் பேச்சுதான். எதிர்வீட்டுப் பெண் மட்டும், "அக்கா, உங்களை மாதிரி சர்வே, ஆய்வுன்னு போகணும். எந்த காலேஜ் நல்லது?" என்று வந்து நின்றாள். காலேஜ் அப்புறம், முதலில் எந்த மேஜர், அதாவது எந்தப் பாடத்தை முக்கியமாகப் படிக்கப் போகிறாய் என்று சொல் என்றேன்.

சமூக அறிவியல் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பொருளியலில் கணக்கிடமிருந்து தப்ப முடியாது. பி.ஏ.வை எப்படியோ ஓட்டிவிடலாம். ஆனால் கோட்டூர்புரத்தில் இருக்கிற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி இடத்தில் எம்.ஏ. சேர வேண்டுமென்றால் கால்குலஸும் புள்ளியியலும் வேண்டும். இவளோ கணக்கு இல்லாத காமர்ஸ் குரூப். முடியாது என்றில்லை, முதல் வருடத்திலிருந்தே தனியாக உட்கார்ந்து போட வேண்டும். சோஷியல் வொர்க்குக்கு அவசரமே இல்லை. எந்த டிகிரி முடித்தாலும் அதில் முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம், எழும்பூரிலேயே அதற்கென்று 1952ல் தொடங்கிய ஒரு கல்லூரி இருக்கிறது.

நான் வரலாற்றுக்கு ஓட்டு போட்டேன். "டீச்சர் வேலைக்குத்தானே?" என்றார் அவள் அம்மா. அதற்கு மட்டுமில்லை, ஆய்வுக்கும்தான் என்றேன். அந்தப் பெண்ணின் தாத்தா பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லில் வேலை பார்த்தவர். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921 வேலைநிறுத்தத்தில் அவர்களே சாதியாகப் பிரிந்து, புளியந்தோப்பில் வெட்டும் தீவைப்பும் நடந்தது. இதைப் படிக்க வெளியூரிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். இவளுக்கு வீட்டிலேயே ஆரம்பிக்கலாம், மிச்சத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

கல்லூரி விஷயத்தில் என் கணக்கு எளிது: இளங்கலையில் காசை இறைக்காதே. பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரி, கொஞ்சம் தள்ளி மாநிலக் கல்லூரி, மூன்றுமே அரசுக் கல்லூரிகள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். மிச்சம் பிடிப்பதை முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாம். கல்லூரியின் பெயர் அப்போதுதான் எடுபடும். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு இங்கிலீஷ் வேண்டும். மூன்று வருடமும் தினமும் ஒரு பக்கமாவது இங்கிலீஷில் வாசிக்கச் சொன்னேன். முகம் சுளித்தாள்.

"மாசம் எவ்வளவு வரும்?" என்றார் அம்மா. ஆய்வு வேலையில் ஆரம்பத்தில் குறைவுதான், ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப பேங்க் எக்ஸாமும் எழுதட்டும்." எழுதட்டும், அதற்கு எந்த டிகிரியும் போதும்.

விண்ணப்பத்தில் வரலாறு முதலாவது, பொருளியல் இரண்டாவது. அம்மாவின் திருப்திக்காக மூன்றாவதாக பி.காமும் இருக்கிறது.